மண் மட்டுமா மதுவைத் தந்தது?

கருக்களாச்சேரிக் கரையில் நின்று தெற்கே பார்த்தால் கடற்கரை நாகூரையும் நாகப்பட்டினத்தையும் நோக்கி நீண்டு போகிறது. இந்தக் கரையில் படகு தள்ளுகிறவனுக்குக் கடல் ஒரு காட்சிப் பொருள் அல்ல. அது பிழைப்பு, சில நாள் சாவு. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இதை இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இதே கடலில் 300 ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு சரக்கும் ஏற்றப்பட்டது. அரிசியல்ல, துணியல்ல. மனிதர்கள்! நம் கரையின் மனிதர்கள். அவர்களில் ஒரு பகுதியினர் போய்ச் சேர்ந்த நாட்டில் ஒரு மலைச்சரிவு இருக்கிறது. அந்தச் சரிவில் விளைந்த மதுவை ஐரோப்பாவின் ராஜாக்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். இன்றும் உலகத்துப் பணக்காரர்கள் அந்தச் சரிவின் புகழைப் பாடுகிறார்கள். பாடட்டும். ஆனால் பாட்டில் ஒரு அடி விட்டுப்போயிருக்கிறது. அந்த அடியைத்தான் நாம் இங்கே சொல்கிறோம்.

மண்ணின் பெருமை

தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் நகரத்துக்குத் தெற்கே, மேசை மலைத் தொடரின் கீழைச் சரிவில் குரூட் கான்ஸ்டான்ஷியா என்ற பண்ணை இருக்கிறது. 1685இல் தொடங்கியது. அந்த நாட்டின் மிகப் பழைய மதுப்பண்ணை என்று அதற்குப் பெயர்.

அங்கே போய் வருகிற கனவான்கள் என்ன எழுதுகிறார்கள்? மலையைப் பார், மண்ணைப் பார், காற்றைப் பார் என்கிறார்கள். நாமும் பார்ப்போம். மண்ணைப் பற்றிப் பேச நம்மைவிட உரிமை உள்ளவன் யார்?

மலையின் அடியில் கருங்கல் உதிர்ந்து மக்கிய செம்மண். மேலே இருந்து உருண்டு வந்த மணற்கல்லும் அதில் கலந்திருக்கிறது. களிப்பங்கு உள்ள மண் ஆகையால் மழைநீரைக் குடித்து வைத்துக்கொள்ளும்; கோடையில் வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். ஆனால் சரிவு ஆகையால் நீர் தேங்காது. ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி அவர்களுடைய குளிர்காலமான மே முதல் ஆகஸ்ட் வரை பெய்துவிடும். நமக்கு மார்கழிக் குளிர் அடிக்கும்போது அங்கே கோடை. ஜனவரி, பிப்ரவரியில் பழம் முதிரும். அப்போது மழை குறைவு.

அந்தப் பக்கத்து உலகில் உச்சி வெயில் வடக்கிலிருந்து அடிக்கும். இந்தச் சரிவோ கிழக்கும் தென்கிழக்கும் பார்த்தது. காலை வெயில் படும். சாயங்காலம் மலை நிழல் விழுந்துவிடும். அருகில் ஃபால்ஸ் வளைகுடா. அங்கிருந்து கடற்காற்று வந்து கொடியைக் குளிர்விக்கும். கோடை முழுதும் தென்கிழக்குக் காற்று வீசும். நோயை ஓட்டுகிற காற்று என்று அதற்கு ‘கேப் டாக்டர்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நம் கரையில் கச்சானும் வாடையும் கொண்டலும் பெயர் பெற்றதுபோல.

நம் காரைக்கால் மண்ணில் இந்தக் கொடி வாழுமா? வாழாது. ஐப்பசி, கார்த்திகையில் வயல் எல்லாம் வெள்ளம். கடலோரத்தில் தோண்டினால் உப்புத்தண்ணீர். நீரில் நிற்பது நெல்லுக்குச் சரி. திராட்சை வேர் அழுகிப்போகும். ஆகவே நம் தமிழ்நாட்டில் திராட்சை தேனிக்குப் பக்கத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் செழிக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை மஸ்கட் இனத்தைச் சேர்ந்தது. கான்ஸ்டான்ஷியாவுக்குப் பெயர் வாங்கித் தந்த வெள்ளை மஸ்கட்டுக்கு அது தூரத்துச் சொந்தம்.

அந்த வெள்ளை மஸ்கட் பழத்தை உரிய நாளில் பறிப்பதில்லை. கொடியிலேயே விட்டுவிடுவார்கள். தண்ணீர் வற்றிச் சுருங்கும், இனிப்பு திரளும். குலைக்குக் குலை பார்த்து, திரும்பத் திரும்ப நடந்து பறிக்க வேண்டும். விளைச்சல் குறையும், மதிப்பு ஏறும். செயிண்ட் ஹெலினா தீவில் சிறையிருந்த நெப்போலியனுக்கும் இந்த மது போயிற்று.

இவ்வளவும் உண்மை. ஒன்றையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் நாம் கேட்கிறோம்: மண் தானாகவே காட்டை வெட்டிக்கொண்டதா? காற்று வந்து கொடியை நட்டதா? மலை நிழல் இறங்கி வந்து களை பறித்ததா? சுருங்கிய குலையைப் பார்த்துப் பார்த்துப் பறித்த கை யாருடையது?

இங்கேதான் கனவான்களின் பேனா நின்றுவிடுகிறது!

நிலத்தைக் கொடுத்தவர் யார்? வாங்கியவர் யார்?

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652இல் கேப்பில் இறங்கியது. அங்கே காலங்காலமாக ஆடுமாடு மேய்த்து வாழ்ந்த கோயி மக்களின் நிலம் அது. 1655இல் கம்பெனி திராட்சைக் கொடி நட்டது. 1659இல் முதல் மது பிழிந்தது. அதே 1659இல் மேய்ச்சல் நிலத்துக்காகக் கோயி மக்கள் கம்பெனியோடு முதல் சண்டை போட்டார்கள். மதுவும் சண்டையும் ஒரே ஆண்டில் பிறந்தன. இது தற்செயலா?

1685இல் கம்பெனியின் மேலதிகாரி வான் ரீட், கேப்பின் தலைவர் சைமன் வான் டெர் ஸ்டெல்லுக்குக் கான்ஸ்டான்ஷியா நிலத்தை எழுதிக் கொடுத்தார். 891 மார்கன். நம் கணக்கில் ஏறத்தாழ 1,900 ஏக்கர். 280 வேலிக்கு மேல்! யாருடைய நிலத்தை யார் யாருக்குக் கொடுத்தது?

இந்த வான் ரீட் நமக்கு அந்நியர் அல்ல. மலையாளக் கரையில் கம்பெனிக்குத் தளபதியாக இருந்தவர். பின்னர் நம் சோழமண்டலக் கரைக்கும் வந்தார். கம்பெனியின் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாற்றச் சொன்னவர் அவரே, 1690இல் மாறியது. ஒரே பேனா அங்கே பண்ணைக்குப் பட்டா எழுதியது. இங்கே கோட்டைக்கு உத்தரவு எழுதியது. தோழர்களே, கடல் பிரித்த இரண்டு கரைகளைக் கம்பெனியின் கணக்குப் புத்தகம் ஒன்றாகத் தைத்திருந்தது.

வான் டெர் ஸ்டெல் கதையில் இன்னொன்றும் உண்டு. அவருடைய தாயைப் பெற்ற பாட்டி மோனிகா, இந்தியக் கரையில் பிறந்து அடிமையாயிருந்து விடுதலை பெற்ற பெண். அடிமையின் பேரன் அடிமைகளின் எஜமான் ஆனார்! ‘நம் இரத்தம், நம் ஆள்’ என்று பேசித் தொழிலாளியை மயக்குகிறவர்களுக்கு இது பாடம். அங்கே இரத்தம் பேசவில்லை, உடைமை பேசியது.

நம் கரையின் சரக்கு

நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக் கம்பெனியின் கையில் இருந்தது. கம்பெனி அங்கே கால் ஊன்றிய உடனேயே தஞ்சைச் சீமையில் படையெடுப்பும் பஞ்சமும் வந்தன. 1659 முதல் 1661 வரை பசிக்குப் பெற்ற பிள்ளையை விற்றார்கள், தன்னையே விற்றுக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கானவர்களைக் கம்பெனி வாங்கி இலங்கைக்கும் பத்தேவியாவுக்கும் கப்பல் ஏற்றியது. 1690களில் மீண்டும் அதே சந்தை, அதே கப்பல்.

பசித்தவனுக்கு அரிசி ஏற்றி வரக் கப்பல் இல்லை. பசித்தவனை ஏற்றிப் போகக் கப்பல் இருந்தது!

கப்பல் டச்சுக்காரனுடையது. சரி. கரை வரை ஓட்டி வந்து விலை பேசியவன் யார்? நம் நாட்டுத் தரகன். பண்ணையில் ஆளை நிலத்தோடு சேர்த்து விற்றவன் யார்? நம் நாட்டு மிராசுதார். 1843இல் சட்டம் வந்த பிறகும் பண்ணை அடிமைத்தனம் பெயரை மாற்றிக்கொண்டு நூறாண்டு வாழ்ந்தது. வெள்ளையனைத் திட்டிவிட்டு நம் வீட்டு அழுக்கை மறைப்பது நம் வழக்கமல்ல.

இலங்கையிலிருந்தும் பத்தேவியாவிலிருந்தும் ஐரோப்பா திரும்பும் கப்பல்களில் கம்பெனி அதிகாரிகள் அடிமைகளைக் கொண்டுபோய்க் கேப்பில் விற்று லாபம் பார்த்தார்கள். 1652க்கும் 1808க்கும் இடையே கேப்பில் இறக்கப்பட்ட அடிமைகள் ஏறத்தாழ 63,000 பேர் என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தோனேசியத் தீவுகள், இந்தியா ஆகிய நான்கு திசைகளிலிருந்து வந்தவர்கள். அவர்களில் சுமார் கால்பங்கினர் இந்தியர்: வங்காளம், மலையாளக் கரை, நம் சோழமண்டலக் கரை.

அங்கே இறங்கியதும் முதலில் பறிபோனது பெயர். அப்பன் ஆத்தாள் வைத்த பெயரை அழித்தார்கள். பிப்ரவரி, செப்டம்பர் என்று மாதத்தின் பெயரை வைத்தார்கள். நம் கரையாளுக்கு ‘கரையைச் சேர்ந்தவன்’ என்று ஒட்டு வைத்தார்கள். எந்தக் கரை, எந்த ஊர், யார் மகன் என்பது எழுதப்படவில்லை. கேப்பில் இன்றும் மாதப் பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். மதுவின் பிறந்த ஆண்டைப் புட்டிமேல் அச்சடிக்கிறார்கள். அதைப் பிழிந்தவன் பிறந்த ஊரை எழுத எவனுக்கும் மனம் வரவில்லை.

இந்த மக்கள் ஆடுமாடுபோல் அடங்கிக் கிடந்தார்களா? இல்லை! 1808 அக்டோபரில் லூயி என்ற அடிமைத் தையல்காரரின் தலைமையில் 300க்கு மேற்பட்டவர்கள் பண்ணை பண்ணையாக எழுந்து கேப் டவுனை நோக்கி நடந்தார்கள். பட்டாளம் வந்து அடக்கியது. லூயியைத் தூக்கிலிட்டார்கள்.

நஷ்ட ஈடு யாருக்கு?

1834 டிசம்பர் 1இல் கேப்பில் அடிமை முறை ஒழிந்தது. ஒழிந்ததா? இன்னும் நான்காண்டு ‘பழகுநர்’ என்ற பெயரில் அதே எஜமானுக்கு உழைக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. 1838இல்தான் கதவு திறந்தது.

பிரிட்டிஷ் சர்க்கார் தன் காலனிகளுக்கெல்லாம் சேர்த்து 2 கோடி பவுன் நஷ்ட ஈடு ஒதுக்கியது. யாருக்கு? முதுகில் சவுக்கடி வாங்கியவனுக்கா? இல்லை. சவுக்கை வைத்திருந்தவனுக்கு! அதற்கு வாங்கிய கடனைப் பிரிட்டிஷ் மக்களின் வரிப்பணத்திலிருந்து 2015 வரை அடைத்தார்கள். அடிமைக்கு ஒரு காசு இல்லை, ஒரு குழி நிலம் இல்லை. வெறுங்கையோடு வெளியே போனவன் மறுநாள் காலையில் அதே பண்ணை வாசலில் கூலிக்கு நின்றான்.

அடிமைக்கு ஈடாக வேறு ஆள் வேண்டுமே! கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைத் தேடினார்கள். பிரஞ்சு ஆட்சியில் இருந்த நம் காரைக்கால் துறைமுகம் அப்போது விழித்துக்கொண்டது. 1853இல் ஓரேலி என்ற கப்பல் இந்தியக் கூலிகளை மார்த்தினிக் தீவில் இறக்கியது. 1861இல் பிரிட்டனும் பிரான்சும் கைகுலுக்கி இந்தியக் கூலி ஏற்றுமதிக்கு உடன்படிக்கை போட்டன. ரெயூனியன், குவாதலூப், மார்த்தினிக் என்று ஆள் ஏறியது. அடிமைக்கு விலை கொடுத்தார்கள். கூலிக்குக் காகிதம் கொடுத்தார்கள். கப்பலின் அடித்தட்டு ஒன்றுதான்.

கோப்பைக் கூலி

இனி நம் நெஞ்சைத் தொடுகிற விஷயத்துக்கு வருவோம். மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

கேப்பின் மதுப்பண்ணைகளில் ‘டாப்’ முறை என்று ஒன்று இருந்தது. கூலியின் ஒரு பகுதியை மதுவாகவே கொடுப்பது! விடியற்காலையில் ஒரு தகரக் குவளை. முற்பகலில் ஒன்று. மதியம் ஒன்று. வேலை முடிந்ததும் ஒன்று. விற்பனைக்கு ஆகாத மட்ட மது தொழிலாளியின் கூலியாகியது. முதலாளிக்கு இரட்டை லாபம்: கழிவு விற்றது; காசு மிச்சம். மூன்றாவது லாபமும் உண்டு. மயங்கியவன் கணக்குக் கேட்கமாட்டான். கடன்பட்டவன் பண்ணையை விட்டு ஓடமாட்டான். வேலியும் விலங்கும் செய்த வேலையைக் குவளை செய்தது.

1960களில் சட்டம் இதைத் தடை செய்தது. ஆனால் பல பண்ணைகளில் 1990கள் வரை ஓடியது. விளைவு என்ன? வயிற்றில் இருக்கும்போதே மதுவால் மூளை பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் மேற்குக் கேப் ஒன்று. தாத்தாவுக்குக் கூலியாகக் கொடுத்த குவளை பேரப்பிள்ளையின் பள்ளிப்புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டது.

சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள்: ‘குடிப்பவன் குடிக்கிறான், யார் வாயில் ஊற்றினார்கள்?’ என்று. கேப்பில் வாயில் ஊற்றித்தான் பழக்கினார்கள். அது ஆவணத்தில் இருக்கிறது. இங்கே?

இங்கே ஊற்றவில்லை. வாசலில் கடை வைத்திருக்கிறார்கள். காரைக்காலில் சாராயக்கடையும் கள்ளுக்கடையும் சர்க்கார் ஏலத்தில் போகின்றன. எல்லை தாண்டினால் தமிழ்நாட்டில் டாஸ்மாக். கூலி வாங்கிய கை வீடு சேருமுன் எத்தனை கடை தாண்ட வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். நாள் முழுதும் சேற்றில் நின்றவனுக்கு, இரவுப் பாளியில் பஞ்சுத்தூசி குடித்தவனுக்கு, உடம்பு வலிக்கு வைத்தியர் கிட்டத்தில் இல்லை. சாராயம் கிட்டத்தில் இருக்கிறது. ஒரு கையால் கூலி போகிறது, மறு கையால் வரி வருகிறது. பிறகு அதே பணத்தில் இலவசம் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள்!

தனி மனிதனின் பொறுப்பை நாம் கழுவிவிடவில்லை. பெண்டாட்டியை அடித்துவிட்டு ‘முதலாளித்துவம்தான் காரணம்’ என்று சொல்கிறவனை நம் சங்கத்தில் நாம் மன்னிக்கமாட்டோம். ஆனால் ஒருவன் விழுந்தால் அவன் தவறு. தெரு முழுதும் விழுந்தால் அங்கே எவனோ குழி வெட்டியிருக்கிறான்.

69இலிருந்து 105

‘அடிமைக் கதை பழைய கதை. இப்போது அந்தப் பண்ணையிலேயே அடிமைகளைப் பற்றிக் கண்காட்சி வைத்திருக்கிறார்களே!’ என்று கேட்கலாம். வைத்திருக்கிறார்கள், நல்லது. செத்தவனுக்குப் படம் மாட்டுவது சுலபம். இருப்பவனுக்குக் கூலி கொடுப்பதுதான் கஷ்டம்.

கான்ஸ்டான்ஷியா பகுதியில் தலைமுறை தலைமுறையாகத் தோட்டம் போட்ட கலப்பின மக்களை நிறவெறிச் சர்க்கார் 1960களில் கிளப்பித் துரத்தியது. அடிமைகளின் பேரன் பேத்திகளுக்கு அந்தச் சரிவில் குடியிருக்கவும் இடமில்லை என்றார்கள். 1994இல் நிறவெறி ஆட்சி முடிந்தது. பண்ணையில் என்ன மாறியது? 2011இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் மேற்குக் கேப் பழத்தோட்டங்களையும் மதுப்பண்ணைகளையும் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பாதுகாப்பில்லாமல் பூச்சிமருந்து, குடிசையிலிருந்து வெளியேற்றம், சங்கம் சேரத் தடை. எங்கோ கேட்ட வரிகளாக இல்லையா?

2012இல் டி டூர்ன்ஸ் என்ற ஊரின் திராட்சைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அன்றைக்கு நாள் கூலி 69 ராண்ட். 150 கொடு என்றார்கள். நெடுஞ்சாலையை மறித்தார்கள். ஊர் ஊராகப் போராட்டம் பரவியது. துப்பாக்கி ரவை, கண்ணீர்ப்புகை, கைது எல்லாம் வந்தன. மூன்று உயிர்கள் போயின. முதலாளிகள் என்ன சொன்னார்கள்? கொடுத்தால் பண்ணை மூடிவிடும் என்றார்கள். 2013 மார்ச் முதல் குறைந்தபட்சக் கூலி 105 ராண்ட் ஆயிற்று. கேட்டது முழுதும் கிடைக்கவில்லை. ஆனால் மலையும் மண்ணும் காற்றும் 300 ஆண்டில் கொடுக்காத உயர்வைச் சில மாதத்து ஒற்றுமை கொடுத்தது.

இது நமக்குத் தெரியாத பாடமா? சவுக்கடியும் சாணிப்பாலும் 1944இல் மன்னார்குடி ஒப்பந்தத்தில் முடிவுக்கு வந்தது யார் கருணையால்? சங்கத்தின் பலத்தால். புதுச்சேரியில் 1936 ஜூலை 30இல் 12 மில் தொழிலாளர்கள் பிரஞ்சுத் துப்பாக்கிக்கு மார்பு கொடுத்தார்கள். 1937இல் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. கீழவெண்மணியில் அரைப்படி நெல் கூடக் கேட்டதற்கு 1968 டிசம்பர் 25 இரவில் 44 உயிர்களை எரித்தார்கள். அங்கே ராண்ட், இங்கே படி. அளவு வேறு, கணக்கு ஒன்று.

நாம் சொல்வது

திராட்சையை வெட்டி எறி என்று நாம் சொல்லவில்லை. நல்ல மண்ணை வெறுக்கிறவன் விவசாயி அல்ல. ஒரு கொடியைப் பேணி இனிப்பைத் திரட்டுவது மனிதனின் அருமையான வித்தை. ஆனால் அந்த வித்தை உழைத்தவனுடைய வித்தை. பட்டாக்காரனுடையதல்ல, மலையினுடையதும் அல்ல. குறுவையும் தாளடியும் ‘காவிரி தந்தது’ என்று மேடையில் பேசுகிறவர்களுக்கும் இதுவே நம் பதில். காவிரி தண்ணீர் தந்தது. நாற்றைப் பறித்து நட்டவள் யார் என்று அடுத்த வரியில் சொல்லுங்கள்!

ஆகவே நம் கோரிக்கைகள் சிறியவை, நியாயமானவை.

கூலி காசாக வரவேண்டும். வேலை செய்த இடத்தில், பகல் வெளிச்சத்தில், கணக்கோடு வரவேண்டும். சாராயக்கடை வாசலில் மேஸ்திரி பட்டுவாடா செய்கிற வழக்கம் எங்கே இருந்தாலும் அதைச் சங்கம் தடுக்க வேண்டும். பெண்ணின் கூலி பெண்ணின் கையிலேயே விழவேண்டும். ஆண் கூலிக்கும் பெண் கூலிக்கும் உள்ள பள்ளம் மூடப்பட வேண்டும். குடியிருப்புக்கும் மில் வாசலுக்கும் பக்கத்தில் சாராயக்கடை கூடாது. ஒப்பந்தக்காரன் எந்த மாநிலத்திலிருந்து ஆள் கூட்டி வந்தாலும் அந்த ஆளின் பெயரும் ஊரும் பேரேட்டில் எழுதப்பட வேண்டும். பெயரை அழிப்பதில்தான் அடிமைத்தனம் தொடங்குகிறது என்பதைக் கேப் நமக்குக் காட்டியிருக்கிறது.

வடக்கேயிருந்து பிழைக்க வந்த தொழிலாளியைப் பார்த்து ‘வந்தேறி’ என்று நம்மில் சிலர் முணுமுணுக்கிறார்கள். தோழர்களே, ஒரு காலத்தில் நம் கரையின் பிள்ளை கேப்பில் ஊர் தெரியாத ‘கரையாள்’. பெயர் இழந்தவனின் வாரிசுகள் இன்னொருவன் பெயரை அழிக்கத் துணை போகலாமா?

கருக்களாச்சேரிக் கரையில் நின்று பார்த்தால் அந்த மலைச்சரிவு தெரியாது. ஆனால் அந்த மலைச்சரிவின் சரித்திரத்தில் இந்தக் கரை இருக்கிறது. புட்டியின் மேல் அதை ஒட்டமாட்டார்கள். ஆகவே நாமே எழுதிக்கொள்வோம், நாமே படித்துக் காட்டுவோம், கூலி கேட்கும்போது நினைவில் வைத்துக்கொள்வோம்.

மண் மதுவைத் தரவில்லை. மண்ணில் நின்றவன் தந்தான். அவனுக்கு வரவேண்டிய பாக்கி இன்னும் தீரவில்லை!